77-ஆவது நிமிடத்தில் எழுந்து போனவர்கள்

2016 பிப்ரவரி 6, சனிக்கிழமை. கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில், இரவு எட்டரை மணிக்கு டிவியில் இங்கிலாந்துக் கால்பந்து அணிகளான லிவர்பூலும் சண்டர்லேண்டும் ஆடத் தொடங்கியபோது, அது மறுநாளே மறந்துபோகக்கூடிய ஓர் ஆட்டமாகத்தான் தெரிந்தது. சண்டர்லேண்ட் பட்டியலின் அடியில் தத்தளித்துக்கொண்டிருந்த அணி. லிவர்பூலின் பயிற்சியாளர் யுர்கன் கிளாப் குடல்வால் அறுவைச் சிகிச்சைக்காக அன்று மருத்துவமனைக்குப் போயிருந்தார். உதவியாளர்கள் ஓரத்தில் நின்று அணியை நடத்தினார்கள். லிவர்பூலுக்கு ஃபிர்மினோ ஒன்று, லல்லானா ஒன்று என்று 70-ஆவது நிமிடத்துக்குள் இரண்டு கோல் விழுந்துவிட்டன. இனி என்ன இருக்கிறது என்று சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, திரையில் பந்தைக் காணவில்லை, கேலரியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தையைத் தோளில் போட்டவர்களும் கைத்தடி ஊன்றியவர்களுமாக மனிதர்கள் எழுந்து, வரிசை வரிசையாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தின் 77-ஆவது நிமிடம் அது.

அடுத்த சீசனில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தின் பிரதான கேலரி சுமார் 8,500 இருக்கைகள் கூடுதலாகச் சேர்த்துத் திறக்கப்பட இருந்தது. அதில் மிக விலை உயர்ந்த டிக்கெட் 77 பவுண்டு என்று கிளப் அறிவித்திருந்தது. அதனால்தான் 77-ஆவது நிமிடம். ஏறத்தாழ நாற்பத்து நான்காயிரம் பேர் வந்திருந்த மைதானத்திலிருந்து பத்தாயிரம் பேர் அளவில் வெளியேறியதாக மறுநாள் செய்திகள் சொல்லின. அந்த அணிக்காகவே வாழ்நாளெல்லாம் ஆடிய ஜேமி கேரகரும் எழுந்து போனவர்களில் ஒருவர். அவர்கள் போன பிறகு, 82-ஆவது நிமிடத்தில் சண்டர்லேண்ட் ஒரு கோல் போட்டது. 89-இல் டெஃபோ இன்னொன்று போட்டார். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. மிச்சமிருந்த கூட்டம் வாயடைத்து உட்கார்ந்திருந்ததை நான் நன்றாகப் பார்த்தேன்.

அன்றிரவு எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஜெயித்துக்கொண்டிருக்கும் அணியை நடுவில் விட்டுவிட்டுப் போகிறவர் என்ன ரசிகர் என்று கேட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது அந்த எரிச்சல் ஒரு பொருளாதாரப் பாடமாக மாறியிருந்தது. மைதானம் வாராவாரம் நிரம்புகிறது, சீசன் டிக்கெட்டுக்குப் பல்லாண்டுக் காத்திருப்புப் பட்டியல் இருக்கிறது, சரக்கு குறைவாகவும் கேட்பவர் அதிகமாகவும் இருந்தால் விலை ஏறத்தான் செய்யும், வாங்க முடியாதவர் வீட்டில் டிவியில் பார்க்கலாமே என்று நண்பரிடம் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. அதை அவர் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டேன். வீட்டில் டிவியில் பார்க்கலாமே என்ற அந்த வாக்கியம் எவ்வளவு பெரிய அபத்தம் என்பது எனக்குத் தெரிய மூன்றாண்டுகளும் ஒரு விமான டிக்கெட்டும் தேவைப்பட்டன.

நிரம்பிய கேலரியின் கணக்கு

என் பக்கத்து வாதத்துக்கு வலுவான சான்றுகள் உண்டு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களை மிக அதிகமானோர் நேரில் பார்த்தது 1948-49 சீசனில்: நான்கு கோடியே பத்து லட்சம் பேருக்கும் மேல். அங்கிருந்து சரிந்து சரிந்து 1985-86-இல் ஒரு கோடியே அறுபத்தைந்து லட்சம் என்ற அளவுக்கு வந்து நின்றது. அந்தக் காலத்தில் டிக்கெட் மலிவு. வேலைக்குப் போகும் ஒரு சிறுவன் தன் கைக்காசைக் கொடுத்துச் சுழல்வாயிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடலாம். இருந்தும் கூட்டம் வரவில்லை. கலவரம், இடிந்துகொண்டிருந்த கேலரிகள், ஊர் ஊராக மூடப்பட்ட ஆலைகள் என்று அதற்குக் காரணங்கள் பல. 1992-இல் பிரீமியர் லீக் தொடங்கிய பிறகு விலை ஏறிக்கொண்டே போனது. கூட்டமும் ஏறிக்கொண்டே போனது. இந்தப் புள்ளிவிவரத்தை மட்டும் கையில் வைத்திருப்பவர், விலை கூடினால் கூட்டம் குறையும் என்பது கட்டுக்கதை என்றுகூட வாதிடலாம். நான் வாதிட்டேன்.

இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவில் ஹில்ஸ்பரோ மைதானம் இருக்கிறது. 1989 ஏப்ரல் 15 அன்று அங்கே நடந்த நெரிசலின் விளைவாக, லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். அதை விசாரித்த நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் அளித்த இறுதி அறிக்கை, பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் படிகளை அகற்றிவிட்டு அனைவருக்கும் இருக்கை தர வேண்டும் என்றது. இருக்கை வந்தால் விலையும் ஏறும் என்ற அச்சத்தை டெய்லர் அறிந்தே இருந்தார். நின்று பார்ப்பவரின் பைக்கு ஏற்ற விலையில் மிக மலிவான இருக்கைகளைத் தர முடியும் என்று சொல்லி, கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தை எடுத்துக்காட்டினார்: அங்கே உட்கார 6 பவுண்டு, நிற்க 4 பவுண்டு. கிளப்புகள் அந்த அறிக்கையின் இருக்கைப் பகுதியை நிறைவேற்றின. விலைப் பகுதியை மறந்துவிட்டன. ஐப்ராக்ஸின் அந்த 6 பவுண்டுக்கும் ஆன்ஃபீல்டின் 77 பவுண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரிட்டனின் பொது விலைவாசி ஏறத்தாழ இரண்டு மடங்குதான் ஆகியிருந்தது. மலிவான இடத்தையும் உச்சவிலை இடத்தையும் ஒப்பிடுவது முழு நியாயமில்லைதான். ஆனால் மலிவான இடங்களின் ஏற்றமும் விலைவாசியைப் பல மடங்கு தாண்டியதே.

விலை இப்படி ஏறியும் கூட்டம் ஏன் கலையவில்லை? பருப்பு விலையை மளிகைக்காரர் ஏற்றினால் அடுத்த கடைக்குப் போவோம். அணி அப்படி இல்லை. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போன அணியை விலை ஏறியது என்பதற்காக யாரும் மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே ஒருவர் முதலில் மற்றச் செலவுகளைக் குறைக்கிறார். பிறகு இரண்டு பிள்ளைகளை அழைத்துப் போனவர் ஒருவரை மட்டும் அழைத்துப் போகிறார். பிறகு ஆண்டுக்கு நான்கு ஆட்டம் என்று ஆகிறது. அவர் கடைசியில் விட்டுப்போகும் இடம் காலியாக இருப்பதும் இல்லை, ஏனென்றால் காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவர் இருக்கிறார். வருகைப் பதிவேட்டில் எண் அப்படியே இருக்கும். அந்த எண்ணுக்குள் இருக்கும் ஆள் மாறியிருப்பார். போதாக்குறைக்கு, பல கிளப்புகள் அறிவிக்கும் வருகை எண்ணிக்கையே வாசலைக் கடந்தவர்களின் எண்ணிக்கை அல்ல, விற்ற டிக்கெட்டுகளின் எண்ணிக்கை. சீசன் டிக்கெட் வாங்கிவிட்டு வராமல் போனவரும் அதில் வந்தவராகவே இருக்கிறார்.

நான் உட்கார்ந்த நாற்காலி

2019 அக்டோபரில் அலுவலக வேலையாக இங்கிலாந்துக்குப் போனேன். நடுவில் ஒரு சனிக்கிழமை கிடைத்தது. வடமேற்கு இங்கிலாந்தில், நான் சிறுவயதிலிருந்து டிவியில் பார்த்துவந்த மைதானங்களில் ஒன்றில் அன்று பகல் மூன்று மணிக்கு ஆட்டம். எந்தக் கிளப் என்பது இங்கே முக்கியமில்லை. பெரிய கிளப் எதுவானாலும் இதே கதைதான். உறுப்பினர் அட்டை இல்லாதவனுக்குச் சாதாரண டிக்கெட் கிடைக்கவில்லை. ஆனால் மதிய உணவோடும் மெத்தை இருக்கையோடும் சேர்ந்த ஒரு டிக்கெட் தாராளமாகக் கிடைத்தது. சாதாரண டிக்கெட்டைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் விலை. இனி எப்போது வரப்போகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாங்கிவிட்டேன். முந்தைய இரவு மைதானத்துக்கு நான்கு தெரு தள்ளி, செங்கல் வரிசை வீடுகளுள் ஒன்றில் அறை எடுத்துத் தங்கினேன். வீட்டுக்கார அம்மாளுக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். காலையில் முட்டை பொரித்துத் தந்தபடி, இது முதல்முறையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மைதானத்தில் என் இருக்கை நடுக்கோட்டுக்கு நேர் எதிரே இருந்தது. புல்லின் பச்சையைப் பார்த்த முதல் நொடியில் தொண்டை அடைத்தது என்பதை ஒளிக்கப்போவதில்லை. அடுத்த அரைமணி நேரத்தில் வேறொன்று உறைத்தது. என்னைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை. வலப்பக்கம் நார்வேயிலிருந்து வந்த அப்பாவும் மகனும். இடப்பக்கம் ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களை அழைத்து வந்திருந்த எட்டுப் பேர் வரிசை. எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் ஆசையோடு வந்தவர்கள், எல்லார் கையிலும் போன். பாட்டு எப்போது தொடங்கும், எந்தச் சொல்லுக்குக் கை தட்ட வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. டிவியில் இருபது ஆண்டுகளாகக் கேட்டுவந்த முழக்கத்தைக் கேட்கத்தான் நான் அவ்வளவு பணம் கொடுத்து வந்திருந்தேன். அதை எழுப்ப வேண்டிய இடத்தில் நானே உட்கார்ந்திருந்தேன். இடைவேளைக்குப் பின் என் வரிசையில் பாதிப் பேர் பத்து நிமிடம் கழித்துத்தான் திரும்பினார்கள்; உள்ளே காபி இன்னும் சூடாக இருந்தது.

சத்தம் வந்தது ஒரே ஒரு மூலையிலிருந்து. வெளியூர் அணியின் ரசிகர்கள், சுமார் மூவாயிரம் பேர், ஆட்டம் முழுவதும் உட்காரவேயில்லை. இரண்டு கோல் வாங்கிய பிறகும் அவர்கள் பாட்டு நிற்கவில்லை. அவர்கள் ஒவ்வொருவரும் கொடுத்த விலை அதிகபட்சம் 30 பவுண்டு. அது எப்படி வந்த விலை என்பது எனக்கு அப்போதே தெரியும் என்பதால்தான் அந்தக் காட்சி அப்படிக் குத்தியது. 2013 ஜனவரியில் அர்செனல் மைதானத்துக்குப் போக மான்செஸ்டர் சிட்டி ரசிகர்களுக்கு 62 பவுண்டு என்று விலை வைத்தார்கள். ஒதுக்கிய டிக்கெட்டுகளில் 900-க்கும் மேற்பட்டவை விற்காமல் திரும்பின. அப்படி ஒரு பெரிய ஆட்டத்தில் வெளியூர் மூலை காலியாக இருந்தது அப்போது செய்தியாயிற்று. இருபது பவுண்டு போதும் என்று ரசிகர் கூட்டமைப்பு ஆண்டுக்கணக்கில் நடத்திய இயக்கத்தின் முடிவில், ஆன்ஃபீல்டு வெளிநடப்புக்கு அடுத்த மாதமே, 2016 மார்ச்சில், வெளியூர் ரசிகருக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை என்று இருபது கிளப்புகளும் ஒப்புக்கொண்டன. நான் வீட்டில் உட்கார்ந்து எரிச்சல்பட்ட அந்த வெளிநடப்பும் சேர்ந்து வாங்கித்தந்த விலையில் வந்தவர்கள்தான் என் பணத்துக்கான காட்சியை எனக்குக் கொடுத்தார்கள்.

விலைக்கும் சத்தத்துக்கும் அப்படி நேரடித் தொடர்பு உண்டா என்று அன்றிரவு நெடுநேரம் யோசித்தேன். மலிவாக வாங்கினவருக்குக் குரல் அதிகம் என்பதல்ல. நின்று பார்த்த காலத்தில் பத்து நண்பர்கள் ஒன்றாக வந்து ஒரே இடத்தில் நின்றார்கள். பள்ளி விட்ட பையன்கள் அவர்களுக்குப் பின்னால் நின்று பாட்டுகளைக் கற்றார்கள். இன்று இருக்கை எண்ணைக் கணினி ஒதுக்குகிறது; நண்பர்கள் நான்கு கேலரிகளில் சிதறுகிறார்கள்; பதினாறு வயதுப் பையனால் அந்த விலையைக் கொடுக்கவே முடியாது. வெளியூர் மூலையில் மட்டும்தான் பழைய ஏற்பாட்டின் எச்சம் இருக்கிறது: ஒன்றாகப் பயணம் செய்து வந்தவர்கள், இருக்கை எண்ணைப் பொருட்படுத்தாமல் ஒன்றாக நிற்பவர்கள், கொடுக்கக்கூடிய விலை.

பணம் எங்கிருந்து வருகிறது

கிளப்புகள் பிழைக்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2015 பிப்ரவரியில் பிரீமியர் லீக் தன் உள்நாட்டு ஒளிபரப்பு உரிமையை மூன்று சீசன்களுக்கு 513 கோடி பவுண்டுக்கு மேல் விற்றது. எங்களைப் போன்ற வெளிநாட்டுப் பார்வையாளர்களின் பணம் அதற்கு மேல் தனி. அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வர இருந்த அதே சீசனுக்குத்தான் 77 பவுண்டு அறிவிக்கப்பட்டது. 2010-களின் இறுதியில் அந்த லீக்கின் மொத்த வருவாயில் ஆட்ட நாளில் வாசலில் வருவது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. கிளப்பின் வரவு செலவில் சில்லறையாக இருக்கும் ஏற்றம், வாங்குபவரின் மாதச் செலவில் பெரிய தொகையாக இருக்கிறது. லிவர்பூல் உரிமையாளர்கள் இதைக் கணக்குப் பார்த்தார்களோ, அவமானத்துக்கு அஞ்சினார்களோ, நான்கு நாட்களில் மன்னிப்புக் கேட்டு 77 பவுண்டைக் கைவிட்டார்கள். உச்சவிலை 59 பவுண்டிலேயே நின்றது, இரண்டு சீசன்களுக்கு ஏற்றமில்லை என்றார்கள்.

ஜெர்மனியை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். டார்ட்மண்டின் தெற்குக் கேலரியில் ஏறத்தாழ 25,000 பேர் இருபது யூரோ அளவிலான விலையில் நின்று பார்க்கிறார்கள். கிளப் உறுப்பினர்களின் கையில் பெரும்பான்மை வாக்கு இருக்க வேண்டும் என்ற விதி அங்கே விலையைக் கட்டிவைத்திருக்கிறது. 2015 அக்டோபரில் லண்டனில் அர்செனலுக்கு எதிராக 64 பவுண்டு கேட்டபோது, முதல் ஐந்து நிமிடம் உள்ளே வராமல் ஜெர்மனியின் பயெர்ன் மியூனிக் அணியின் ரசிகர்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். ஆனால் ஜெர்மன் லீக்கில் 2013-இலிருந்து தொடர்ச்சியாகப் பதினொரு முறை அந்த ஒரே அணிதான் பட்டம் வென்றது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் புகழ்ந்தால் அது பாதி உண்மை. எனக்கு அதைவிட நெருக்கமான உதாரணம் இங்கிலாந்தின் பிராட்ஃபர்ட். மூன்றாம் நிலை லீக்கில் ஆடிய அந்த கிளப், 2015-16-இல் முழு சீசனுக்கான டிக்கெட்டையே 150 பவுண்டுக்குள் விற்றது. சராசரியாகப் பதினெட்டாயிரம் பேர் வந்தார்கள். அந்த நிலையில் ஆடும் பெரும்பாலான கிளப்புகளுக்குக் கனவிலும் வராத கூட்டம். இருபத்தையாயிரம் பேர் கொள்ளும் மைதானம் அது. காலி நாற்காலி இருக்கும் இடத்தில் விலையைக் குறைத்தால் கூட்டம் வருகிறது என்பதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

காலி நாற்காலியை ஒளிக்க முடியாதபோது பெரிய அமைப்புகளும் இதைக் கண்டுபிடித்துவிடுகின்றன. 2025 ஜூலையில் அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கோப்பையின் அரையிறுதியில், செல்சீ-ஃப்ளுமினென்சே ஆட்டத்துக்கு 473.90 டாலராக இருந்த டிக்கெட், ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு 13.40 டாலருக்கு இறங்கியது. கேட்பவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஏறி இறங்கும் விலை என்று அதற்குப் பெயர். முன்கூட்டியே முழு விலை கொடுத்துத் திட்டமிட்டு வந்தவர்தான் ஏமாளி. உண்மையான ரசிகர் எப்போதும் முன்கூட்டியே வாங்குகிறவர். இந்த ஏற்பாட்டை எவரும் தவறுதலாகக்கூட ரசிகர் நலன் என்று அழைக்கவில்லை என்பது ஓர் ஆறுதல். இங்கிலாந்திலோ வேடிக்கை வேறு விதம்: 2024 இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட் சீசன் நடுவில், மிச்சமிருந்த டிக்கெட்டுகளுக்கு 66 பவுண்டு என்று ஒரே விலை வைத்தது. சிறுவருக்கும் முதியவருக்கும் இருந்த சலுகை போயிற்று.

அன்று மாலை

ஆட்டம் முடிந்து அறைக்குத் திரும்பியபோது வீட்டுக்கார அம்மாள் சமையலறையில் இருந்தார். உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டார். நான்கு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவர், எண்ணாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்து வந்தவனிடம் அதைக் கேட்டார். சிறுமியாக அப்பாவின் முன்னால் நின்று பார்த்திருக்கிறாராம். கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டேன். மூத்த மகனுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது என்றார். அந்த மகனுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். அவர்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். சனிக்கிழமை ஆட்டத்தை ரேடியோவில் கேட்பார்கள். டிவியில் பார்ப்பதில்லையா என்று நான் கேட்டபோதுதான் அவர் சிரித்தார். சனிக்கிழமை பகல் இரண்டே முக்காலிலிருந்து ஐந்தே கால் வரை பிரிட்டனில் எந்த ஆட்டத்தையும் நேரலையில் காட்டக் கூடாது. மைதானக் கூட்டத்தை டிவி தின்றுவிடக் கூடாது என்பதற்காக 1960-களில் பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்டு முன்னின்று கொண்டுவந்த ஏற்பாடு அது. உங்கள் ஊரில் எல்லாம் காட்டுவார்களாமே என்றார். காட்டுவார்கள் என்றேன். 2016-இல் அந்தச் சண்டர்லேண்ட் ஆட்டமும் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம்தான். வாங்க முடியாதவர் வீட்டில் டிவியில் பார்க்கலாமே என்று நான் சொன்னபோது, அந்த ஆட்டத்தை டிவியில் பார்க்க முடிந்தவன் நான் மட்டும்தான். லிவர்பூல்காரருக்கு அந்த வழியும் இல்லை.

அவரிடம் கசப்பு இருந்ததாகத் தெரியவில்லை. உங்களைப் போன்றவர்கள் வருவதால்தான் மேல்மாடி இரண்டு அறைகளும் ஆட்ட நாளில் நிரம்புகின்றன, கூரையை மாற்றியதே அந்தக் காசில்தான் என்றார். அது என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதா, கணக்கைச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு, முன்பெல்லாம் இந்தச் சமையலறையில் நின்றுகொண்டே ஆட்டம் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுவேன் என்றார்: கார்னர் கிடைத்தால் ஒரு சத்தம், நடுவர் தப்பாக விசில் அடித்தால் ஒரு சத்தம், நம் பக்கம் தடுமாறினால் வேறொரு சத்தம். இன்றைக்கு எனக்கு அந்த இரண்டு கோல் மட்டும்தான் கேட்டது என்றார். பிறகு சன்னலைப் பார்த்து, காற்று அந்தப் பக்கம் அடித்திருக்கும் என்று தானே சொல்லிக்கொண்டு, சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்டார்.